ஒரு முனையைப் பிடி

2020ஆம் ஆண்டுக் கோடையில் ஒன்ராறியோவில் கயாக் ஒன்று வாங்குவது லேசான காரியமாக இருக்கவில்லை. பெருந்தொற்றுக் காலம். வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த சனம் முழுக்க ஒரே நேரத்தில் ஏரிகளைத் தேடி ஓடியது. கடைகளில் கயாக் அடுக்கும் தட்டுகள் வெறுமையாகக் கிடந்தன. பாவித்த கயாக் ஒன்றுக்காக இரண்டு மாதம் அலைந்து, கடைசியில் பாரி என்ற ஊரில் ஒருவரிடம் கண்டுபிடித்தேன். முல்லைக்குத் தேர் கொடுத்தவனின் பெயரைக் கொண்ட ஊராயிற்றே என்று கொஞ்சம் பேரம் பேசிப் பார்த்தேன். அவர் ஒரு டொலர்கூடக் குறைக்கவில்லை.

13 அடி நீளம். மேலே உட்கார்ந்து போகும், மீன்பிடிக்கென்றே செய்த வகை. கயாக் என்றால் இடுப்பு வரை உள்ளே நுழைத்துக்கொண்டு போகும் ஒல்லியான ஓடம் என்று நினைப்பவர்களுக்கு இது ஒரு கட்டிலைப் போலத் தெரியும். இதில் எழுந்து நின்றே தூண்டில் எறியலாம், லேசில் கவிழாது. கவிழாமல் இருக்க அகலம் வேண்டும். அகலத்துக்குக் கூடுதலாகப் பிளாஸ்ரிக் வேண்டும். வெறும் உடல் மட்டும் 42 கிலோ. இருக்கை, சுக்கான், மீன்பெட்டி எல்லாம் பூட்டினால் 50ஐத் தாண்டும்.

விற்றவர் என் காரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், என்னோடு வந்த மச்சானைப் பார்த்தார். “தூக்க ஒரு கை தரட்டுமா?” என்று கேட்டார். மச்சானுக்கு ரோசம் வந்துவிட்டது.

“நாங்கள் கடற்கரை ஊர் ஆக்கள் எண்டு சொல்லு” என்று தமிழில் உறுமினான்.

அது பாதி உண்மை. பருத்தித்துறையில் எங்கள் வீடுகளிலிருந்து கடல் கூப்பிடு தூரம்தான். ஆனால் இரண்டு வீட்டிலும் ஒருவரும் கடல்தொழிலுக்குப் போனதில்லை. என் அப்பா ஆசிரியர், அவனுடைய அப்பா தபால் கந்தோரில் வேலை. கடல் எங்களுக்குக் காற்று வாங்கவும் மீன் வாங்கவும் இருந்த இடம். அதை அந்த மனிதருக்கு விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? ஆளுக்கொரு முனையைப் பிடித்து, மூச்சைப் பிடித்து, ஒருபடியாகக் கூரையில் ஏற்றினோம். முதல்நாள் வாங்கிய ராட்செற் பட்டிகள் இரண்டைக் குறுக்கே போட்டு, இனி இறுகாது என்னும்வரை மச்சான் ‘கிர்ர் கிர்ர்’ என்று இறுக்கினான். பட்டியைக் கையால் தட்டிப் பார்த்தான், அது வீணைத் தந்திபோல் நின்றது. “புயல் அடிச்சாலும் அசையாது” என்றான்.

400ஆம் நெடுஞ்சாலையில் ஏறி வேகம் 90ஐத் தொட்டபோது கூரையில் ஒரு சத்தம் தொடங்கியது. முதலில் வண்டு இரைவதுபோல் இருந்தது. 100இல் அது காரின் உள்ளே இருந்த எல்லாவற்றையும் அதிரச் செய்யும் உறுமலாக மாறியது. ரேடியோவை நிறுத்திவிட்டு இருவரும் மேலே பார்த்தோம்.

“விண் கூவுது” என்றான் மச்சான்.

அவன் சொன்னது சரி. தைப்பொங்கல் காலத்தில் எங்கள் வடமராட்சி வானம் முழுக்கப் பட்டம் ஏறும். பெரிய பட்டங்களின் தலையில் வில்போல ஒரு தடியை வளைத்து, அதில் தட்டையான நார் ஒன்றை இழுத்துக் கட்டுவார்கள். காற்று பட்டதும் அந்த நார் துடித்துக் கூவும். அதற்கு விண் என்று பெயர். தட்டையான எதையும் இழுத்துக் கட்டிக் காற்றில் பிடித்தால் அது பாடத்தான் செய்யும். கூரையில் இருந்த பட்டியும் அதைத்தான் செய்தது. பட்டியை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டியிருந்தால் காற்று ஒரே சீராக அதைப் பிடித்து ஆட்ட முடியாமல் சத்தம் நின்றிருக்கும். சின்ன வயதில் எத்தனை விண் கட்டியிருக்கிறோம்! அந்த அறிவு நெடுஞ்சாலையில் கைகொடுக்கவில்லை.

சத்தத்தோடு போயிருந்தாலும் பரவாயில்லை. ஒரு பாரவண்டி எங்களை முந்திக்கொண்டு போனது. அது தள்ளிவிட்ட காற்றில் கயாக்கின் மூக்கு ஒரு சாண் எழும்பி, மறுபடி கூரையில் ‘டொம்’ என்று விழுந்தது. நடுவில் இரண்டு பட்டி போட்ட நாங்கள் மூக்கிலிருந்து பொனற்றுக்கு ஒரு கயிறு கட்டவில்லை. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும்: 50இல் இருந்து 100க்குப் போனால் இரண்டு மடங்கல்ல, நாலு மடங்கு. பள்ளிக்கூடத்தில் பாடமாக்கி எழுதிப் புள்ளி வாங்கிய விதி அது. அடுத்த வெளிவழியில் இறங்கி, ஊர்ச் சாலைகளால் ஊர்ந்து ஸ்காபரோவுக்கு வந்து சேர மூன்றரை மணித்தியாலம் எடுத்தது. போகும்போது ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட எடுத்திருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை பார்த்தால் கயாக்கின் உடலில் பட்டி இறுக்கிய இரண்டு இடத்திலும் பள்ளம். ராட்செற் என்பது லொறியில் இரும்புப் பாரம் கட்டப் பிறந்த சாமான். அதன் பிடி நம்முடைய கைக்குத் தெரியாது, பிளாஸ்ரிக்குக்குத்தான் தெரியும். கயாக்கைக் குப்புறப் போட்டு வெயிலில் வைத்தேன். பள்ளம் பாதி எழும்பியது. மீதி இன்றுவரை அப்படியே இருக்கிறது. அன்றோடு ராட்செற்றைக் கராஜ் மூலையில் போட்டுவிட்டு, கையால் இழுக்கும் அளவுக்கு மட்டும் இறுகும் கொளுவி வைத்த பட்டிகளுக்கு மாறினேன்.

பாடம் அதோடு முடியவில்லை. இரண்டு கிழமை கழித்து, விடிய ஐந்து மணிக்கு, மச்சான் வேலைக்குப் போன ஒரு நாளில், தனியே தூக்கலாம் என்று எனக்கு ஒரு எண்ணம் வந்தது. முழங்காலை மடித்து, கயாக்கைத் தொடையில் ஏற்றி, தொடையிலிருந்து தோளுக்கு எடுத்தேன். தோள்வரை வந்தது. தோளிலிருந்து கூரைக்குத் தள்ளும்போது இடுப்பில் யாரோ ஊசி நூலை ‘சடக்’ என்று அறுத்ததுபோல் ஒரு சத்தம், எனக்கு மட்டும் கேட்டது. கயாக் புல்லில் விழுந்தது. அதற்குப் பக்கத்தில் நானும் விழுந்தேன். மனைவி கதவைத் திறந்துகொண்டு இரவு உடுப்போடு ஓடிவந்தாள்.

“இஞ்சருங்கோ, உது தோணியோ எமனோ?”

எட்டுக் கிழமை உடற்பயிற்சிச் சிகிச்சை. மீதிக் கோடை முழுக்கக் கயாக் வளவில் குப்புறக் கிடந்தது. அதன்மேல் என் மனைவி மிளகாய் காயப்போட்டாள்.

என்னைத் திரும்பத் தண்ணீருக்கு அனுப்பியவள் என் மகள். அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. பௌதிகம் படித்துக்கொண்டிருந்தவள், சாப்பாட்டு மேசையில் ஒரு அடிமட்டத்தின் ஒரு நுனியை மட்டும் விரலால் உயர்த்திக் காட்டினாள்.

“அப்பா, ஏன் முழுசாத் தூக்கிறீங்கள்? ஒரு பக்கத்தைத் தூக்கினால் மற்றப் பக்கத்தை நிலம் தாங்கும். உங்களுக்குப் பாதிதான் பாரம்.”

இப்படி ஒரு எளிய விசயத்துக்காகவா இடுப்பை உடைத்தேன் என்று இருந்தது. இப்போது ஏற்றும் முறை இதுதான். காரின் பின்னால் கயாக்கை நீளவாட்டில் போடுவேன். டிக்கியின் விளிம்பில், குளியலறையில் வழுக்காமல் இருக்கப் போடும் ரப்பர் விரிப்பை விரிப்பேன். மூக்கை மட்டும் தூக்கி, அந்த விரிப்பின்மேலாகக் கூரையின் பின் சட்டத்தில் சாய்ப்பேன். அந்த நேரத்தில் என் கையில் இருப்பது 21 கிலோ, ஒரு அரிசிச் சாக்கின் பாரம். பிறகு பின்னால் போய், மற்ற முனையை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி முன்னே தள்ளுவேன். சட்டத்தின்மேல் அது வழுக்கிக்கொண்டு போகும். 42 கிலோவையும் நான் ஒருதரமும் ஒன்றாகத் தாங்குவதில்லை. இருக்கையும் பெட்டியும் கழற்றித் தனியே பின் ஆசனத்தில் போகும். ஏற்றிய பிறகு குறுக்கே இரண்டு பட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு முறுக்கு. மூக்கிலிருந்து பொனற்றுக்கு ஒரு கயிறு, வாலிலிருந்து பின் கொக்கிக்கு ஒரு கயிறு. பத்து நிமிடம் ஓடிய பிறகு ஓரமாக நிறுத்தி எல்லாவற்றையும் ஒருதரம் தொட்டுப் பார்ப்பேன். பட்டி பெரும்பாலும் முதல் பத்து நிமிடத்தில்தான் தளரும்.

இன்னொரு கணக்கையும் அந்த நாட்களில் கற்றேன். காரின் கையேட்டை முதன்முறையாகத் திறந்து பார்த்தேன். என் காரின் கூரை தாங்கக்கூடியது 75 கிலோ. பலர் இதைக் கயாக்கின் பாரம் என்று நினைக்கிறார்கள். கூரையில் பூட்டிய சட்டம், மெத்தை, பட்டி எல்லாம் அந்த 75க்குள்தான் அடக்கம். எனக்கு எல்லாம் சேர்த்து 52 வந்தது. பயமில்லை என்று நினைத்தேன். 2022 ஆவணி வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்காபரோவிலிருந்து ஒரு மணித்தியால ஓட்டத்தில் ஸ்கூகொக் ஏரி இருக்கிறது. முன்னொரு காலத்தில் லின்ட்சேயில் அணை கட்டியதால் பரந்த ஏரி; ஆழம் குறைவு, பாசியும் பூண்டும் அதிகம், மீனும் அதிகம். மச்சானும் நானும் விடிய இறங்கிப் பின்னேரம் கரைக்கு வந்தோம். காற்று எழும்பிக் கடைசி ஒரு மணித்தியாலம் அலை மேலால் அடித்தது. கரையில் இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தோம். கயாக் எழும்பவில்லை. மறுபடி பிடித்தோம். மச்சானின் கழுத்து நரம்பு புடைத்ததுதான் மிச்சம்.

“களைச்சுப் போனம்” என்றான்.

பக்கத்தில் பாறையில் இருந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எழும்பி வந்தார். தொப்பி, கறுப்புக் கண்ணாடி. வாயைத் திறந்தபிறகுதான் நம்மவர் என்று தெரிந்தது.

“தம்பியவை எந்த ஊர்?”

“பருத்தித்துறை ஐயா.”

“நான் வல்வெட்டித்துறை. எங்கட ஊரில கட்டின அன்னபூரணிக் கப்பல் 1938இலயே கடலால அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தது. நீங்கள் ரெண்டு பேரும் ஒரு பிளாஸ்ரிக் தோணியைக் கரையால கார் மட்டும் கொண்டுபோக ஏலாம நிக்கிறியள்.”

மச்சானுக்கு இந்தமுறை ரோசம் வரவில்லை. வந்திருந்தாலும் காட்டத் தெம்பில்லை. முதியவர் குனிந்து கயாக்கின் விலாவை விரல் மொழியால் தட்டினார். முன்னால் தட்டியபோது ‘டொங்’ என்றது. பின்னால் தட்டியபோது ‘தப்’ என்றது. தர்ப்பூசணி வாங்குகிறவர்போல் இரண்டு தரம் கேட்டார்.

“உது தண்ணி குடிச்சிருக்கு தம்பி. எங்கை இதின்ர தக்கை?”

பின்னால் கீழ்மூலையில் ஒரு தக்கை இருந்தது. இரண்டு வருடமாக நான் அதைத் திறந்ததில்லை. அவர் திருகித் திறந்தார். “நீ அந்த முனையைப் பிடி, உயர்த்து” என்றார். மூக்கை உயர்த்தினேன். பின்னாலிருந்து குழாய் திறந்ததுபோல் தண்ணீர் கொட்டியது, கொட்டிக்கொண்டே இருந்தது. மேல்மூடி சரியாக இறுகாத வழியால் அலைத்தண்ணீர் நாள் முழுக்க உள்ளே போயிருக்கிறது. வாளிக் கணக்கில் சொன்னால் நாலு வாளிக்குக் குறையாது. ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. அதை அப்படியே ஏற்றியிருந்தால் என் 75 கிலோக் கூரை அன்றே தீர்ந்திருக்கும். ஓடும் காரில் பின்னுக்கும் முன்னுக்கும் தளும்பும் தண்ணீரைக் கட்டிப்போட ஒரு பட்டியும் கிடையாது.

தண்ணீர் வடியும்வரை அவர் கதைத்துக்கொண்டு நின்றார். “கட்டுமரத்தை ஆராவது முழுசாத் தூக்கிறதோ? அவிட்டுப்போட்டுத்தானே தூக்கிறது” என்றார்.

அந்த ஒரு சொல்லில் எனக்குள் நாற்பது வருடத்துக்கு முந்திய பருத்தித்துறைக் கரை விரிந்தது. காலையில் அம்மாவோடு மீன் வாங்கப் போகும்போது, கரைக்கு வந்த கட்டுமரங்களைக் கயிறு அவிழ்த்து, மரம் மரமாகப் பிரித்து மணலில் காயவிட்டிருப்பார்கள். ஊறிய மரம் பாரம், காய்ந்தால்தான் நன்றாக மிதக்கும். ஒரு மரத்தை இருவர் தோளில் வைத்துப் போவார்கள். அடுத்த நாள் இருட்டில் திரும்பவும் அடுக்கிக் கட்டுவார்கள். கட்டுவதால் கட்டுமரம் என்று நாம் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு நாளும் அவிழ்ப்பதும் அந்தப் பெயருக்குள்தான் இருக்கிறது என்று எனக்கு அதுவரை தோன்றவில்லை.

பிரிக்க முடியாத வள்ளங்களுக்கு வேறு வழி இருந்தது. கரையில் நின்ற யாரும் கேட்காமலே வந்து விளிம்பில் கை வைப்பார்கள். ஒருவர் அம்பாப் பாட்டை எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள், ஒவ்வொரு அடியின் முடிவிலும் வள்ளம் ஒரு முழம் மேலேறும். பாட்டு, எல்லாரும் ஒரே நேரத்தில் தள்ளுவதற்கான கணக்கு. மீன் வாங்க வந்த என்னையும் ஒருதரம் “தம்பி, கையை வை” என்று கூப்பிட்டிருக்கிறார்கள். பத்து வயதுக் கை எவ்வளவு பாரத்தைத் தாங்கியிருக்கும்? ஆனாலும் அன்று முழுக்க வீட்டில் அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பாரத்தைப் பிரிக்க அந்தக் கரைக்கு இரண்டு வழி தெரிந்திருந்தது: பொருளைப் பிரி, இல்லாவிட்டால் ஆட்களுக்குப் பிரி. நான் இரண்டையும் பார்த்து வளர்ந்தவன். பார்த்ததோடு சரி.

தண்ணீரை வடித்தபிறகு தக்கையை மூடப் போனேன். முதியவர் தடுத்தார். “மூடாதை, சட்டம்” என்றார். ஒன்ராறியோவில் 2022 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து ஓடத்தைத் தரைவழியாகக் கொண்டுபோகுமுன் தக்கையைக் கழற்றித் தண்ணீரை வடித்து, ஒட்டியிருக்கும் பூண்டு, சிப்பி எல்லாவற்றையும் அகற்ற வேண்டும். வரிக்குதிரைச் சிப்பி போன்றவை ஒரு ஏரியிலிருந்து மற்ற ஏரிக்குப் போவது பெரும்பாலும் இப்படிக் காரில் ஏறித்தான். அந்தச் சட்டம் ஏரிக்காக வந்தது. என் இடுப்பையும் அது காப்பாற்றுகிறது.

பிறகொருநாள், ஏரியைக் காக்கும் அதே காரணத்துக்காகப் பிறந்த ஒரு பெரிய வண்டியையும் பார்த்தேன். ட்ரென்ட் - செவர்ன் நீர்வழியில் பிக் ஷூட் என்ற இடத்தில் படகுகளை ஒரு குன்றுக்கு மேலால் தண்டவாளத்தில் கொண்டுபோகிறார்கள். வண்டி தண்ணீருக்குள் இறங்கும், படகுகள் மிதந்து அதன்மேல் வரும், வார்ப்பட்டிகள் அவற்றை ஏந்திக்கொள்ளும், வண்டி ஏறத்தாழ 18 மீற்றர் உயர வித்தியாசத்தைக் கடந்து மறுபக்கம் இறங்கும். இப்போதுள்ள வண்டி 1978இல் ஓடத் தொடங்கியது. அங்கே மற்ற இடங்களைப்போல் நீர்ப்பூட்டு கட்டாமல் விட்டதற்குக் காரணம், மீன்களில் ஒட்டி இரத்தம் உறிஞ்சும் கடல் லம்பிரே மேலே உள்ள ஏரிகளுக்குப் போகாமல் தடுப்பது. சின்னக் கயாக்கையும் அதில் ஏற்றுவார்கள். படகு தானாக மிதந்து வந்து ஏறுவதை மகள் பார்த்துக்கொண்டு நின்றாள். “இதுதான் அப்பா உங்களுக்குச் சரி” என்றாள்.

2024இல் பீற்றர்பரோவில் கனடிய ஓட அருங்காட்சியகம் புதிய கட்டடத்துக்கு மாறிய பிறகு அங்கே போனோம். 600க்கும் அதிகமான ஓடங்களை அங்கே சேர்த்து வைத்திருக்கிறார்கள். இனுவிற் மக்களின் தோல் கயாக்குகளுக்கு முன்னால் நெடுநேரம் நின்றேன். கடல் ஒதுக்கிய மரத்துண்டுகளை ஆணியில்லாமல் வாரால் கட்டி, மேலே கடல்நாய்த் தோலைப் போர்த்தித் தைத்த ஓடம். கட்டுகிறவரின் உடம்பை அளவுகோலாக வைத்துச் செய்வார்கள். வேட்டைக்காரன் ஒருவன் தனியே தூக்கிக்கொண்டு பனிக்கட்டியைக் கடக்க வேண்டும் என்பதால், தூக்கும் பாரமும் அந்த அளவுக்குள் வந்துவிடும். கயாக் என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்தவர்கள், தண்ணீரில் போவதையும் தரையில் தூக்குவதையும் ஒரே கேள்வியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். நான் கடையில் கேட்டதெல்லாம் கவிழுமா, எத்தனை தூண்டில் செருகலாம் என்பதுதான். திரும்பி வரும் பின்னேரம், ஈர உடுப்போடும் களைத்த கையோடும் இதை எப்படிக் கூரையில் ஏற்றுவேன் என்று கேட்கவில்லை.

கயாக் இன்னும் என்னிடம் இருக்கிறது. பாரம் அதே 42 கிலோ. எனக்கு வயது ஆறு கூடியிருக்கிறது. வாங்க நினைப்பவர்களுக்குச் சொல்ல ஒன்றுண்டு: கடையிலேயே அதை ஒருதரம் தூக்கிப் பாருங்கள், உங்கள் காரின் கையேட்டையும் அன்றே படியுங்கள். மற்றது எல்லாருக்கும். கோடையில் ரூஜ் ஆறு ஒன்ராறியோ ஏரியில் விழும் இடத்துக்குப் பின்னேரம் நடக்கப் போனால், யாராவது ஒருவர் தனியே தன் காரோடும் கயாக்கோடும் மல்லுக்கட்டிக்கொண்டு நிற்பார். அவர் கேட்கமாட்டார். நீங்களாகப் போய் ஒரு முனையைப் பிடியுங்கள்.